திடுக்குன்னு தூக்கிப்போட்டா அது பயமா? நெஜமாவே பயமுறுத்துற பேய்ப்படத்துல என்ன இருக்கு?

மழைநேரம்:
போன வாரம் ஃப்ரெண்ட்ஸோட நைட் ஷோ ஒரு பேய்ப்படம் போனோம், பேர் வேண்டாம். உள்ள இருந்த ரெண்டே கால் மணி நேரத்துல ஒரு பத்து தடவையாவது தூக்கிவாரிப் போட்டுச்சு, பக்கத்து சீட்டுக்காரர் பாப்கார்னையே கொட்டிட்டாரு, ஆனா வீட்டுக்கு வந்து படுத்தேன், அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கிட்டேன். காலைல எந்திரிச்சா ஒரு சீன் கூட மனசுல நிக்கல.

ஆனா 2009ல யாவரும் நலம் வந்தப்போ நான் எட்டாவது படிச்சிட்டு இருந்தேன். அதைப் பாத்துட்டு எங்க பெரியப்பா ஃப்ளாட்டுக்குப் போனா லிஃப்ட்ல தனியா ஏறவே மாட்டேன், நாலு மாடியும் படியேறித்தான் போவேன், ரெண்டு மூணு வருஷம் அப்படித்தான். அந்தப் படத்துல மாதவன் தனியா ஏறினா லிஃப்ட் நகராது, கூட யாராச்சும் ஏறினா நகரும். அவ்ளோதான் சீன். ரத்தம் இல்ல, அலறல் இல்ல.

அப்போ பயம் எங்க இருந்துதான் வருது? கேமராவா, சத்தமா, கதையா? இல்ல சின்ன வயசுல பாத்ததாலயா? ரொம்ப நாளா மனசுல ஓடிட்டு இருக்கற கேள்வி, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஒலிக்காரன்:
நான் சவுண்ட் டிபார்ட்மெண்ட்ல பதினோரு வருஷமா இருக்கேன் ப்ரோ, அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன். சத்தம் போட்டா திடுக்கிடுவாங்க. சத்தம் போனாத்தான் பயப்படுவாங்க.

யாருமே பேசாத ரூமுக்கும் ஒரு சத்தம் உண்டு. ஃபேன், தெருவுல போற ஆட்டோ, பக்கத்து வீட்டு மிக்ஸி, ஃப்ரிட்ஜ் உறுமறது. ஷூட்டிங்ல எல்லாரையும் அசையாம நிக்க வெச்சு அதை மட்டும் அரை நிமிஷம் தனியா ரெக்கார்ட் பண்ணிக்குவோம், ரூம் டோன்னு பேரு. பயமான சீன் வந்தா அதுல இருந்து ஒவ்வொண்ணா உருவுவேன், மொதல்ல ஆட்டோ, அப்புறம் மிக்ஸி, கடைசியா ஃபேன். பாக்கறவங்களுக்கு என்ன போச்சுன்னே தெரியாது, ஆனா தியேட்டர்ல இருமறவங்க கூட நிறுத்திடுவாங்க.

ஒரு படத்துல மாடிப்படி சீனுக்கு டைரக்டர் பெரிய டமார் கேட்டாரு. போட்டோம், பாத்தவங்க எல்லாரும் குதிச்சாங்க, அடுத்த நொடி சிரிச்சாங்க. அதைத் தூக்கிட்டு சமையக்கட்டுல ஒரு சில்வர் டம்ளர் உருள்ற சத்தம் வெச்சோம். டம்ளர் தானா நின்னா கடைசில லேசா ஆடி ஆடி நிக்கும்ல? அந்த ஆட்டத்தை வெட்டிட்டு பட்டுனு நிறுத்தினேன், யாரோ கை வெச்சுப் புடிச்ச மாதிரி. இந்தத் தடவை ஒருத்தர் கூட சிரிக்கல.

தாமிரபரணிக்கரை:
கதையிலதான் இருக்குன்னு நான் சொல்லுதேன். நம்ம பேய்ப்படம் முக்கால்வாசியில இன்டர்வெல்லுக்கு அப்புறம் பேய்க்கு ஒரு ஃப்ளாஷ்பேக் வரும், அநியாயமா கொன்னிருப்பாங்க, நாம அழுதுட்டு பேய் பக்கம் சாஞ்சிருவோம். 2011ல காஞ்சனா பாத்துட்டு எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் அழுதாங்க. எங்க ஊர்ப்பக்கம் இசக்கிக்கு பொங்கல் வைக்கமே, அதே மனசுதான், அநியாயமா செத்தவளை சாமியாக்கி கும்பிடுத மண்ணு இது. எனக்கு அது புடிக்கும், கொற சொல்ல மாட்டேன். ஆனா காரணம் தெரிஞ்சதும் பயம் போயிரும், அதான் விஷயம்.

நெசமான பயம்னா நீலி கதை. எங்க ஆச்சி திண்ணையில வெச்சு சொல்லும்போது எனக்கு பேயைப் பாத்து பயமே வராது. ஒரு செட்டி வியாபாரிய தொரத்திட்டு பேயான நீலி பழையனூருக்கு வாரா, ஒரு கள்ளிக் கொம்பை ஒடிச்சு இடுப்புல பிள்ளையா வச்சிக்கிட்டு ஊர்ச் சபை முன்னாடி நின்னு "என் புருசன் எங்களை விட்டுட்டுப் போறாரு"ன்னு அழுதா. அவன் "இது பேய், என்னக் கொல்ல வந்திருக்கு"ன்னு கதறுதான். பிள்ளைய எறக்கி விடுதாங்க, அது நேரா போய் அவன் மடியில உக்காந்து அப்பாங்குது. சபையில இருந்த எழுபது வேளாளரும் நல்லவங்க, "உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எங்க உசிரத் தாரோம்"னு சத்தியம் பண்ணி, அவன் கையில இருந்த கத்திய வாங்கி வச்சிக்கிட்டு, ரெண்டு பேரையும் ஒரு வீட்டுக்குள்ள அனுப்புதாங்க. காலைல பாத்தா பொணம். சொன்ன சொல்லுக்கு எழுபது பேரும் தீயில எறங்கிட்டாங்க.

அந்தக் கத்திய வாங்குத இடம் வரும்போது ஆச்சி கொரல் எறங்கிரும். நம்பி வந்த ஊரு, நல்ல மனசோட, இருந்த ஒரே ஆயுதத்தையும் பறிச்சிட்டு உள்ள தள்ளுது. அதை யோசிச்சா இப்பவும் எனக்கு வயித்தப் பெசையுது.

வாசக்கோலம்:
தாமிரபரணிக்கரை அண்ணா சொன்ன கதையில அந்தச் செட்டி சொல்றதை நம்ப ஆளே இல்லையே, எனக்கும் அதுதான் பயம். 2022ல வந்த பூதகாலம் பாத்திருக்கீங்களா, மலையாளம், ராகுல் சதாசிவன் எடுத்தது, ரேவதியும் ஷேன் நிகமும் அம்மா பையன். பாட்டி செத்ததும் பையனுக்கு வீட்டுல ஏதேதோ தெரியும், எல்லாரும் அவனுக்குத்தான் மனசு சரியில்லன்னு சொல்வாங்க, அம்மாவுக்கும் ஏற்கனவே டிப்ரஷன், ரொம்ப நேரம் வரைக்கும் நமக்கே எது நெஜம்னு தெரியாது.

எங்க பாட்டி தவறி ரெண்டு மாசத்துல அம்மாவும் நானும் அதை டிவில போட்டோம், தெரியாமத்தான் போட்டோம். ஹால்ல உக்காந்தா பாட்டி ரூம் கதவு தெரியும், உள்ள இன்னும் கோடாலி தைல வாசனை போகல, கட்டில் மேல அவங்க மடிச்சு வெச்ச போர்வை அப்படியே இருந்துச்சு. பாதியில அம்மா எந்திரிச்சுப் போய் அந்தக் கதவை சாத்திட்டு வந்தாங்க. ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு திரும்பப் போய் தொறந்து வெச்சாங்க. எந்தப் பேய்ப்படத்துலயும் அந்த மாதிரி எனக்கு நெஞ்சு அடைச்சதில்ல.

கடைசிபெஞ்ச்:
எல்லாம் சரி, ஆனா தூக்கிப்போடற சீனை எல்லாரும் மட்டமா பேசறது சரியில்ல. 1942ல வந்த கேட் பீப்பிள் பாருங்க. ராத்திரி ஒரு பொண்ணு தனியா நடந்து போவா, பின்னாடி சிறுத்தையா மாறக்கூடிய இன்னொருத்தி வர்ற ஹீல்ஸ் சத்தம், மியூசிக்கே கிடையாது. திடீர்னு பின்னாடி வந்த சத்தம் நின்னுடும். இவ வேகமா நடப்பா, ஓடுவா, இருட்டுல எதுவும் தெரியாது, அப்போ ஒரு சீறல், சிறுத்தை பாஞ்சுடுச்சுன்னு நெனச்சா வந்து நிக்கறது பஸ்ஸு. தயாரிப்பாளர் வால் லூட்டன் பேரை வெச்சு இந்த மாதிரி சீனுக்கே லூட்டன் பஸ்னு பேர் வந்துடுச்சு. திடுக்கிட வெக்கறது தப்பில்ல, அதுக்கு முன்னாடி நம்மள அந்த ரோட்டுல நடக்க விடணும். இப்போ நெறைய படத்துல நடையே இல்லாம பஸ் மட்டும் வருது.

மழைநேரம்:
எல்லாருக்கும் நன்றி. வாசக்கோலம், படிச்சுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

இதையெல்லாம் படிச்சப்புறம்தான் யாவரும் நலம் ஏன் ஒட்டிக்கிச்சுன்னு புரியுது. அதுல பேய் வர்ற வழி மத்தியானம் ஒரு மணி சீரியல். எங்க வீட்டுலயும் அம்மா, சித்தி, பாட்டி எல்லாரும் சாப்பிட்டுட்டு அதே நேரத்துல டிவி முன்னாடிதான் இருப்பாங்க, படத்துலயும் அதேதான். பால் திரியும், பூஜை ரூம்ல சாமி படம் மாட்ட ஆணி எறங்காது. எங்க வீட்டுல நடக்காத ஒண்ணு கூட அதுல இல்லையே. அப்புறம் எப்படி தூக்கம் வரும்?

ஒலிக்காரன்:
கரெக்ட் ப்ரோ, தெனம் பாக்கறது ஒரு நூல் அளவு தப்பாப் போனா போதும். 1998ல வந்த ஜப்பான் படம் ரிங்குல சடாகோங்கற பேய் கிணத்துல இருந்து வந்து நடக்கற நடையை கவனிச்சிருக்கீங்களா? அதுல நடிச்சவங்களை பின்னாடி நடக்க வெச்சு எடுத்து, ஃபிலிமை திருப்பி ஓட்டியிருக்காங்க. காரணம் தெரியாமலே கண்ணு உறுத்தும். என் டம்ளரும் அதே வேலைதான். கேட் பீப்பிள் கிடைச்சா ஹெட்ஃபோன் போட்டு பாருங்க, அந்த ரெண்டாவது ஹீல்ஸ் எந்த எடத்துல நிக்குதுன்னு கண்டுபிடிச்சு சொல்லுங்க. நான் முதல் தடவை விட்டுட்டேன்.