புதுப்பிப்பு: அரசுக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரம் எங்கே? (கிடைத்துவிட்டது)

மதுரை மகால் பகுதி மொழி ஆய்வுக்காக, அங்கே பேசும் சௌராஷ்டிர மொழியின் எண்ணிக்கை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தேன். உதவியவர்களுக்கு நன்றி. ‘குஜராத்தியில் தேடுங்க’ என்ற யோசனைதான் பலித்தது. 2011 கணக்கெடுப்பின் சி-16 அட்டவணையில் (தாய்மொழிவாரி எண்ணிக்கை) சௌராஷ்டிரம் தனிமொழி இல்லை, குஜராத்தியின் உட்பிரிவு. தமிழ்நாடு கோப்பில் மதுரை மாவட்டத்தைப் பிரித்து, குஜராத்தியின் கீழே வரும் சௌராஷ்டிரத் தாய்மொழி வரியை மட்டும் எடுங்கள். மேலே உள்ள குஜராத்தி மொத்தத்தை எடுத்தால் குஜராத்தி பேசுகிறவர்களும் சேர்ந்துவிடுவார்கள்.

எதிர்பாராத சிக்கல், ஆய்வில் பங்கேற்பவர்களிடம் வாங்கும் ஒப்புதல் படிவத்தில். சௌராஷ்டிர எழுத்து 2008-லேயே யுனிகோடில் (கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரம்) ஏறிவிட்டது. ஆனால் எழுத்துரு இல்லாத கைபேசியில் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். சமூகப் பெரியவர்கள் சொன்னபடி தமிழில் தனி எழுத்து இல்லாத ஒலிகளுக்கு க², க³, க⁴ (kha, ga, gha) என எண் போட்டுத் தமிழ் எழுத்திலேயே அடித்தோம். ஜெராக்ஸில் அந்தக் குட்டி எண் அழிந்துபோகும். எழுத்தளவு 14-க்குக் குறைய வேண்டாம்.

‘தாய்மொழி?’ என்றால் சிலர் ‘தமிழ்’ என்றே சொல்கிறார்கள். ‘வீட்டில் என்ன பேசுவீங்க?’ என்று கேளுங்கள்.