ஆபீஸ் இபிஏபிஎக்ஸை லேனில் (ஆபீஸ் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில்) சேர்த்தவர்கள், பட்ட பாட்டைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். ஆபீஸ் போன்களையெல்லாம் இணைக்கும் பழைய பெட்டியான இபிஏபிஎக்ஸைத் தூக்கக் கூடாது, ஆனால் மணி அடிக்கும்போதே கூப்பிடும் கஸ்டமரின் விவரம் திரையில் வர வேண்டும் என்றது நிர்வாகம். பெட்டிக்குப் பின்னால் ஒரு சீரியல் போர்ட் உண்டு. ஒவ்வொரு கால் முடிந்ததும் எக்ஸ்டென்ஷன், வெளி எண், பேசிய நேரம் என்று ஒரு வரியைத் துப்பும். பில் கணக்குப் பார்க்க அது போதும். பேசி முடித்தபின் வரும் தகவலை வைத்துக்கொண்டு திரையில் என்னத்தைக் காட்டுவது?

அதனால் வெளி லைன்களை எஃப்எக்ஸ்ஓ கேட்வேயில் (சாதாரண போன் லைனை நெட்வொர்க்கோடு சேர்க்கும் பெட்டி) செருகி, ஆஸ்டெரிஸ்க் என்ற போன் எக்ஸ்சேஞ்ச் சாஃப்ட்வேர் ஓடும் சர்வர் வழியாக இபிஏபிஎக்ஸுக்கு விட்டேன். கால் வந்ததும் சர்வர் 5038 என்ற நெட்வொர்க் போர்ட்டில் சொல்லிவிடும். ஒரு சின்ன புரோகிராம் அதைக் கேட்டுக்கொண்டிருந்து கஸ்டமர் பக்கத்தைத் திறக்கும். முதல் வாரம் எல்லாக் காலுக்கும் 'எண் தெரியவில்லை' என்றே வந்தது. எங்கள் லைனில் காலர் ஐடி முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையில்தான் வரும். கேட்வேயோ முதல் மணியிலேயே காலை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டாம் மணி அடிக்கும்வரை பொறுக்கச் சொன்னதும் சரியானது.

* * *

அண்ணா, உங்களுக்கு எண்தான் வரவில்லை. எங்களுக்குக் குரலே ஒரு பக்கம்தான். கிளை அலுவலகத்தில் போன் அடிக்கும், எடுப்பார்கள், நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கும். அவர்கள் பேசுவது இங்கே வராது. வந்து பார்த்த டெக்னீஷியன் போனையே மாற்றச் சொல்லிவிட்டுப் போனார்!

நெட்வொர்க் போன்கள் பேசிக்கொள்ளும் முறையான எஸ்ஐபியில், காலை ஏற்படுத்தும் பேச்சுவார்த்தை 5060 போர்ட்டில் நடக்கும், குரல் தனியாக வேறு போர்ட்டுகளில் போகும். ஆஸ்டெரிஸ்க்கில் வழக்கமாக 10000 முதல் 20000 வரை. குரலை எங்கே அனுப்புவது என்று எங்கள் சர்வர், ஆபீஸுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் தன் 192.168 முகவரியை எழுதிக் கொடுத்திருக்கிறது. வெளியில் இருக்கும் போனுக்கு அந்த முகவரி எதற்கு ஆகும்? சர்வரில் வெளி ஐபி எது, உள் நெட்வொர்க் எது என்று தெளிவாக எழுதினேன். ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒரு வசதி, உதவி செய்கிறேன் பேர்வழி என்று பாக்கெட்டை (நெட்வொர்க்கில் போகும் தகவல் துண்டை)க் கெடுத்துக்கொண்டிருந்தது, அதையும் அணைத்தேன். இப்போது இரு பக்கமும் கேட்கிறது.

* * *

ஐபி போனில் (நெட்வொர்க் ஒயரில் ஓடும் போன்) இரண்டு சாக்கெட் இருக்கும், ஒன்று சுவருக்கு, மற்றது கம்ப்யூட்டருக்கு. மேஜையைத் துடைத்த யாரோ, தொங்கிய ஒயரையும் 'பாவம்' என்று சுவரிலேயே செருகிவிட்டார்கள். லூப்! பாக்கெட்டுகள் ஓயாமல் சுற்றி, மாடி முழுக்க நெட் செத்தது. நெட்வொர்க் ஸ்விட்சில் இப்படி லூப் ஆவதைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயை யாரோ முன்பே அணைத்து வைத்திருந்தார்கள். அதைத் திரும்பப் போட்டு, போன்களுக்குத் தனி விலானும் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) பிரித்துக் கொடுத்தோம். மதியம் பேக்கப் ஓடும்போது குரல் வெட்டி வெட்டி வந்த தொல்லைக்கு மட்டும், குரல் பாக்கெட்டுக்கு டிஎஸ்சிபி 46 என்ற முன்னுரிமைக் குறியைப் போட்டு, ஸ்விட்சையும் அதை மதிக்கச் சொன்ன பிறகுதான் விடிவு.

* * *

கரண்ட் போனால் என்ன செய்கிறீர்கள் சார்? பழைய போனுக்கு இபிஏபிஎக்ஸ் பேட்டரியே ஒயர் வழியாக மின்சாரம் கொடுத்துவிடும். ஐபி போனோ நெட்வொர்க் ஒயரிலேயே மின்சாரம் கொடுக்கும் பிஓஇ ஸ்விட்சை நம்பி நிற்கிறது. நாங்கள் சர்வருக்கு மட்டும் யுபிஎஸ் வைத்திருந்தோம். சர்வர் ஜோராக ஓடியது, ஒரு போனிலும் டயல் டோன் இல்லை. இப்போது ஸ்விட்சும் ரவுட்டரும் அதே யுபிஎஸ்ஸில். செக்யூரிட்டி கேபினில் ஒரு அனலாக் போனை நேரடி லைனில் விட்டுவைத்திருக்கிறோம்.