லேபிளில் 330 என்று இருந்தால் தூக்கிப் போட வேண்டுமா?

தேன்மொழி:
எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஏழு வயது. வீசிங் உண்டு, இன்ஹேலர் இல்லாமல் வெளியே கூட்டிப் போவதில்லை. உணவு லேபிளில் சேர்பொருட்களுக்குப் பெயருக்குப் பதில் எண் போடுகிறார்களே, போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவற்றில் ‘விஷ எண்கள்’ என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் 330-தான் எல்லாவற்றிலும் கொடியது, புற்றுநோய் தரும் என்று இருந்தது. அலமாரியைத் திறந்தால் ஜாமில் 330, சாஸில் 330, சூப் பொடியிலும் 330. ஜாம் பாட்டிலை அன்றைக்கே குப்பையில் போட்டேன். இத்தனை வருஷம் இதைத்தானே என் கையால் தடவிக் கொடுத்தேன் என்று ராத்திரி தூக்கமே வரவில்லை. எழுத்து அவ்வளவு பொடி, போனில் படம் எடுத்துப் பெரிதாக்கித்தான் படிக்கிறேன். படித்தாலும் புரியவில்லை. எந்த எண்ணுக்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய லேப்காரன்:
சகோதரி, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். 330 என்பது சிட்ரிக் அமிலம். எலுமிச்சையின் புளிப்பு அதுதான். தொழிற்சாலையில் சர்க்கரைக் கரைசலில் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து எடுக்கிறார்கள், பொருள் ஒன்றேதான்.

உங்களுக்கு வந்த பட்டியல் புதிதல்ல. 1976-இலேயே பிரான்சில் துண்டுக் காகிதமாகச் சுற்றியது. பாரிஸ் பக்கத்தில் வில்ஜுயிஃபில் இருக்கும் புற்றுநோய் மருத்துவமனை வெளியிட்டது என்று அதில் போட்டிருந்தார்கள். எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவமனை மறுத்தும் அது நிற்கவில்லை. 330 அதில் எப்படி மாட்டியது என்பதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். நம் உடம்பின் செல்கள் உணவிலிருந்து சக்தி எடுக்கும் பாதையில் சிட்ரிக் அமிலம் வருகிறது. அந்தப் பாதைக்குக் கிரெப்ஸ் சுழற்சி என்று பெயர், 1937-இல் அதை விளக்கிய ஹான்ஸ் கிரெப்ஸின் பெயர். ஜெர்மன் மொழியில் ‘கிரெப்ஸ்’ என்றால் நண்டு, புற்றுநோய்க்கும் அதே சொல். யாரோ அதைப் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள்.

எண்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. 100-இல் தொடங்குபவை நிறங்கள், 200 கெடாமல் காப்பவை. 300-இல் பெரும்பாலும் புளிப்பும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் தடுப்பவையும். 400-இல் கெட்டியாக்குபவை, எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிப்பவை. 600 பக்கம் சுவைகூட்டிகள். எண் இருப்பதாலேயே ஒன்று கெட்டது ஆகிவிடாது. வைட்டமின் சிக்கும் எண் உண்டு, அது 300.

ஆனால் உங்கள் மகனுக்கு வீசிங் என்கிறீர்களே, அதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். 220 முதல் 228 வரை உள்ளவை சல்ஃபைட்டுகள். ஆஸ்துமா உள்ள எல்லோருக்கும் அவை ஒத்துக்கொள்ளாது என்று இல்லை. ஒரு சிறு பகுதியினருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும். பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் உலர்ந்த ஆப்ரிகாட், பொன்னிறத் திராட்சை இரண்டுக்கும் அந்த நிறம் கந்தக டை ஆக்ஸைடால் நிற்கிறது, அதன் எண் 220. அது போடாத ஆப்ரிகாட் பழுப்பாக, பார்க்கச் சுமாராக இருக்கும்.

இன்னொன்று, நான் 26 வருஷம் பிஸ்கட் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்த்தவன். மாவு இழுத்துக்கொள்ளாமல் மெல்லிசாகப் பரவ 223 சேர்ப்போம். சோடியம் மெட்டாபைசல்ஃபைட். லேபிளில் ‘மாவுப் பக்குவப்படுத்தி’ என்று வரும். அடுப்பில் கொஞ்சம் போய்விடும், கொஞ்சம் மிஞ்சும். பிஸ்கட்டில் அதைத் தேடிப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

இலைக்கறி:
அண்ணன் சொன்னது சரி. நான் அசைவம் தொடாதவள், எனக்குக் கவலை வேறு எண்களில். 120 என்ற சிவப்பு நிறம் ஒருவகைப் பூச்சியிலிருந்து வருவது. 471 தாவர எண்ணெயிலும் செய்யலாம், விலங்குக் கொழுப்பிலும் செய்யலாம், எண்ணைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. 631-உம் அப்படித்தான். கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்பேன், பாதிப் பேர் பதில் தருகிறார்கள். 412 என்றால் பயப்படாதீர்கள், கொத்தவரை விதைப் பசைதான்.

குமரன் 77:
எதற்கு இவ்வளவு மனப்பாடம்? வாயில் நுழையாத பெயர் இருந்தால் வாங்காதே, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இதுதான் சட்டம்.

பழைய லேப்காரன்:
தம்பி, அந்தச் சட்டத்தில் ‘ஆல்ஃபா டோகோஃபெரால்’ வெளியே போய்விடும், அது வைட்டமின் இ. ‘சர்க்கரை’ வாயில் சுலபமாக நுழையும், உள்ளே வந்துவிடும். சேர்த்த பொருட்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாகத்தான் போடுவார்கள். அதனால் முதல் மூன்று பெயர்களை எண்களுக்கு முன்னால் படியுங்கள். சர்க்கரை ஓரிடம், குளுக்கோஸ் சிரப் ஓரிடம், இன்வர்ட் சிரப் ஓரிடம் என்று பிரிந்து கிடந்தால் மூன்றையும் மனதில் கூட்டிக்கொள்ளுங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் இனிப்பாகவே தெரியாது, ஆனாலும் அது மாவுச்சத்தை உடைத்துச் செய்தது, ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். என் சம்சாரத்துக்குச் சுகர் வந்த பிறகுதான் நானே வீட்டில் அதைப் பார்க்க ஆரம்பித்தேன்.

தேன்மொழி:
அண்ணா, உங்கள் பதிலைப் படித்தவுடன் போய்ப் பார்த்தேன். அவன் தினமும் பள்ளிக்குக் கொண்டுபோகும் பிஸ்கட், பாக்கெட் மடித்து ஒட்டியிருக்கும் இடத்துக்கு அடியில் ‘மாவுப் பக்குவப்படுத்தி 223’. ஒட்டைப் பிரித்தால்தான் தெரிகிறது. ஜாமைத் தூக்கிப் போட்ட அன்றைக்கும் இதைத்தான் டப்பாவில் வைத்து அனுப்பினேன்.

இதனால்தான் அவனுக்கு இரைக்கிறது என்று நானாக முடிவு கட்டப் போவதில்லை. ஒரு நோட்டில் சாப்பிட்டது, நேரம், இருமல், இன்ஹேலர் எத்தனை தடவை என்று எழுத ஆரம்பித்திருக்கிறேன். அடுத்த புதன்கிழமை டாக்டரைப் பார்க்கும்போது அதையும் பாக்கெட்டையும் காட்டுவேன். அதுவரை வேறு பிஸ்கட்.

ஜாம் திரும்ப வாங்கிவிட்டேன். அதில் 330, 440 இரண்டுதான். 440 என்றால் பெக்டின் என்று தேடித் தெரிந்துகொண்டேன், பழத்தோலிலிருந்து எடுப்பதாம். சரிதானே அண்ணா?

பழைய லேப்காரன்:
சரிதான். ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல், ஆப்பிள் சக்கை. நோட்டில் உலர்பழத்துக்கும் ஒரு பத்தி போட்டுக்கொள்ளுங்கள். புதன்கிழமை டாக்டர் என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.