விளம்பரம் பண்பாட்டைக் காட்டுகிறதா, மாற்றுகிறதா: எப்படி அளப்பது?

தாளடி:
ஒரே பத்திரிகையில் 1960 முதல் 2000 வரை வந்த விளம்பரங்களை வைத்து, பண்பாட்டு மாற்றத்துக்கு விளம்பரம் பின்னால் வருகிறதா, முன்னால் போகிறதா என்று பார்ப்பதுதான் திட்டம். முன்னோட்டமாக 100 விளம்பரங்களை இருவர் தனித்தனியே ‘நவீனம்’, ‘மரபு’ என்று பிரித்தார்கள். இருவரும் ‘நவீனம்’ என்றவை 79, இருவரும் ‘மரபு’ என்றவை 7. மாறுபட்ட 14-இல் ஆளுக்கு 7 ‘மரபு’. 86 சதவீதம் ஒத்துப்போகிறது, ஆனால் தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்து உடன்பாட்டை அளக்கும் கோஹனின் கப்பா 0.42 தான். கணக்கு தவறா, வகைப்பாடு தவறா? இதைச் சரிசெய்தால் ‘விளம்பரம்தான் மாற்றியது’ என்று சொல்லலாமா?

மைக்கூடு:
கணக்கு சரி. இருவருமே 100-க்கு 86-ஐ ‘நவீனம்’ என்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் குறித்தாலும் 0.86×0.86 + 0.14×0.14, அதாவது ஏறக்குறைய 76 சதவீதம் தானாகவே ஒத்துப்போகும். கப்பா அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை அளக்கிறது: (0.86−0.76)/(1−0.76).

‘ஒரு வகை அரிது, அதனால் கப்பா குறைந்தது’ என்று தப்பித்துக்கொள்ளவும் முடியாது. ‘மரபு’ என்று ஒவ்வொருவரும் 14 விளம்பரங்களைக் குறித்திருக்கிறார்கள், பொதுவானவை 7. உங்கள் ஆய்வுக்கு முக்கியமான பக்கத்தில் பாதிக்குப் பாதி சண்டை.

‘நவீனம்’ என்பது தீர்ப்பு. கோடிங் தாளில், அதாவது ஒவ்வொரு விளம்பரத்தையும் பார்த்து விடை குறிக்கும் தாளில், தீர்ப்பு இருக்கக் கூடாது, கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான். படத்தில் யார் இருக்கிறார்கள்? என்ன வேலை செய்கிறார்கள்? யார் யாருக்குச் சொல்லித்தருகிறார்? பொருளைக் கை பற்றியிருக்கிறதா, விரல்நுனி தொட்டுக்கொண்டிருக்கிறதா? வாசகம் சொல்லும் காரணம் விலையா, அறிவியலா, பரம்பரையா, அந்தஸ்தா? கை விவரம் அற்பமாகத் தோன்றலாம். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1970களில் விளம்பரங்களின் ஆண்–பெண் சித்திரிப்பை ஆராய்ந்தபோது குறிப்பாகக் கவனித்தவற்றில் அதுவும் ஒன்று: பெண்ணின் விரல் பொருளை வருடும், ஆணின் கை இறுகப் பிடிக்கும்.

ஒவ்வொரு கேள்விக்கும் வரையறை, சேர்க்க வேண்டியது, விலக்க வேண்டியது, இரண்டு மாதிரிகள் என எழுதிக்கொள்ளுங்கள். பிறகு புதிய விளம்பரங்களில் சோதியுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: பேசித் தீர்த்த அதே 100-ஐ மறுபடி கோடிங் செய்து ‘0.9 வந்துவிட்டது’ என்பார்கள். அது நினைவாற்றலின் மதிப்பெண். கப்பாவைப் போலவே உடன்பாட்டை அளக்கும் கிரிப்பெண்டார்ஃப் ஆல்ஃபா 0.8-க்கு மேல் வந்தால் நம்பலாம், 0.667 முதல் 0.8 வரை தற்காலிக முடிவுக்கு மட்டும். அதற்கும் கீழே போனால் கேள்வியை மாற்றுங்கள், அல்லது தூக்கிவிடுங்கள்.

சுவரொட்டி:
இரண்டாவது கேள்விக்கு என் பதில்: இந்தத் தரவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உள்ளடக்கம் என்ன சொல்லப்பட்டது என்பதைக் காட்டும். படித்தவர் என்ன ஆனார் என்பதைக் காட்டாது.

எல்லோரும் எடுத்துக்காட்டும் வைரத்தையே எடுங்கள். வைர நிறுவனமான டி பியர்ஸுக்காக என்.டபிள்யூ. அயர் விளம்பர நிறுவனத்தின் பிரான்சிஸ் கெரட்டி 1947-இல் எழுதிய ‘வைரம் என்றென்றும்’ வாசகம் திருமண நிச்சயத்தையே மாற்றியது என்பார்கள். விற்பனையைப் பெருக்கியதில் சந்தேகமில்லை. ஆனால் நிச்சயத்துக்கு மோதிரம் போடும் வழக்கம் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. விளம்பரம் பிடித்தது அந்தக் காலி இடத்தை: எந்தக் கல் என்ற கேள்வியை.

மக்கள் தொடர்பு ஆலோசகர் எட்வர்ட் பெர்னேஸ் 1929 ஈஸ்டர் ஊர்வலத்தில் நியூயார்க்கில் பெண்களைச் சிகரெட்டோடு நடக்க வைத்து, அதற்கு ‘விடுதலைச் சுடர்கள்’ என்று பெயர் சூட்டியதும் இதே ரகம். அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை அரசியல் சட்டத்திலேயே உறுதியானது 1920-இல். அந்த அலையின் மீது அவர் ஏறிக்கொண்டார், அலையை உண்டாக்கவில்லை. கோகோ கோலாவுக்காக ஹேடன் சண்ட்ப்ளம் 1931 முதல் வரைந்த சாண்டாவும் அப்படியே. சிவப்பு உடைத் தாத்தா ஏற்கெனவே படங்களில் இருந்தார். பல உருவங்களில் ஒன்றை நிலைநிறுத்தியதுதான் விளம்பரத்தின் வேலை.

பண்பாட்டில் ஏற்கெனவே கிடப்பவற்றில் சிலவற்றைப் பொறுக்கி, மற்றவற்றை விட்டு, பொறுக்கியதைப் பெருக்குவதே விளம்பரம். விளம்பர ஆய்வாளர் ரிச்சர்ட் பாலே 1986-இல் இதைக் ‘கோணலான கண்ணாடி’ என்றார். ஆகவே எது தெரிகிறது என்பதோடு எது தெரியவே இல்லை என்பதையும் எண்ணுங்கள். வேலைக்குப் போகும் பெண்களின் விகிதத்தை மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்து, விளம்பரத்தில் அவர்கள் வரும் விகிதத்தோடு ஆண்டுவாரியாகப் பொருத்துங்கள். இடைவெளிதான் உங்கள் கண்டுபிடிப்பு.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: விளம்பரம் முந்தி வந்தாலும் அதுவே காரணம் ஆகாது. ஏஜென்சிகள் காசு கொடுத்துச் சந்தை ஆய்வு செய்பவை. கணக்கெடுப்புக்கு முன்பே மாற்றத்தை மோப்பம் பிடித்திருக்கும்.

கடைசிபெஞ்ச்:
மேலே ரெண்டு பேரும் சட்டத்தை விட்டுட்டாங்க. அமெரிக்காவில் 1971 ஜனவரியில் டிவி, ரேடியோவில் சிகரெட் விளம்பரத்தை நிறுத்தினாங்க. அந்தப் பணம் பத்திரிகைக்குப் போச்சு. அது தெரியாம பத்திரிகையை மட்டும் பார்த்தா ‘70களில் புகைப்பிடிக்கிறது கௌரவமாச்சு’ன்னு எழுதிடுவீங்க. உங்க பத்திரிகை எந்த நாடோ, அங்கே 40 வருஷத்துல வந்த விளம்பரச் சட்டங்களை ஒரு காலக்கோட்டில் முதல்ல போடுங்க. விலை மாற்றம், கலர் அச்சு வந்த வருஷம், ஆசிரியர் மாறின வருஷம், அதுவும் சேர்த்து. படிக்கிற ஆள் மாறினா விளம்பரமும் மாறும். பண்பாடு அப்படியேதான் இருக்கும்.

விருது வாங்கின விளம்பரத் தொகுப்பை மட்டும் தொடாதீங்க. அது சக விளம்பரக்காரங்களை அசத்தப் பண்ணினது.

தாளடி:
நன்றி. ஒரே விளம்பரம் பன்னிரண்டு இதழ்களில் திரும்ப வந்தால் ஒன்றா, பன்னிரண்டா? மாதிரிக்குப் பண்டிகை இதழ்கள் மட்டும் போதுமா? பக்கங்கள் அதிகம் என்பதால் கேட்கிறேன்.

மைக்கூடு:
இரண்டு எண்ணையும் வைத்துக்கொள்ளுங்கள். என்ன தயாரானது என்ற கேள்விக்கு 1, வாசகர் கண்ணில் என்ன பட்டது என்ற கேள்விக்கு 12. ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள். பண்டிகை இதழ் மட்டும் வேண்டாம். அதில் பரிசும் குடும்பமும் எப்போதுமே தூக்கலாக இருக்கும், ‘மரபு’ வீங்கிவிடும். ஒவ்வொரு காலாண்டிலும் குலுக்கலில் ஓர் இதழ், அதில் அரைப் பக்கத்துக்குக் குறையாத எல்லா விளம்பரங்களும்.