விசாரணை அதிகாரியின் முடிவை மீறிய பணிநீக்கமும் உயர் நீதிமன்றம் கேட்ட கேள்வியும்

அதிகாரிகள் சங்கத்தின் சார்பில் துறை விசாரணைகளில் தற்காப்புப் பிரதிநிதியாக இருந்தவன் என்ற முறையில், தொடக்கம் முதல் இறுதி வரை உடனிருந்து பார்த்த ஒரு வழக்கைப் பகிர்கிறேன். ஒரு வங்கியின் கிளை மேலாளர் தமக்குரிய அதிகார வரம்பை மீறிக் கடன்களுக்கு ஒப்புதல் அளித்தார் என்பதும், அதில் தவறான உள்நோக்கம் இருந்தது என்பதும் குற்றச்சாட்டுகள். வரம்பு மீறல் நிரூபணமானது, உள்நோக்கத்துக்குச் சான்று இல்லை என்று விசாரணை அதிகாரி எழுதினார். தண்டனையை முடிவு செய்யும் ஒழுங்கு நடவடிக்கை அதிகாரியோ, இரண்டாவது முடிவை ஏற்கவில்லை என்று ஒரே பத்தியில் குறிப்பிட்டுவிட்டுப் பணிநீக்க ஆணை பிறப்பித்தார். விசாரணை அறிக்கையின் நகலே அந்த ஆணையின் இணைப்பாகத்தான் வந்து சேர்ந்தது. நெடுங்காலம் பணியாற்றிய ஒருவரிடம் ஒரு வரி விளக்கம்கூடக் கேட்காமல் வெளியே அனுப்பியதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

அவர் எழுத்தராக, அதாவது சட்டப்படி ‘தொழிலாளி’ என்ற வகையில் வருபவராக இருந்திருந்தால், அப்போது நடைமுறையில் இருந்த தொழில் தகராறுகள் சட்டத்தின் 11-ஏ பிரிவின்படி தொழில் தீர்ப்பாயமே தண்டனையைக் குறைத்திருக்கலாம். அதிகாரிக்கு அந்த வழி இல்லை. ஆகவே, வங்கிக்குள்ளேயே செய்த துறை மேல்முறையீடு தள்ளுபடியானதும், அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் நீதிப்பேராணை (ரிட்) கோரி உயர் நீதிமன்றம் சென்றோம்.

சாட்சியங்களை மறுமதிப்பீடு செய்வது நீதிமன்றத்தின் வேலையல்ல என்ற பி.சி.சதுர்வேதி வழக்கின் 1995-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும், நட்டம் ஏற்படாவிட்டாலும் வரம்பு மீறல் ஒழுங்கீனமே என்ற உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் வங்கித் தரப்பு வழக்கறிஞர் முன்வைத்தார். இரண்டையும் நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆனால், விசாரணை அதிகாரியின் முடிவிலிருந்து மாறுபடும்போது உத்தேசக் காரணங்களைத் தெரிவித்து ஊழியரின் விளக்கத்தைப் பெற வேண்டும் என்று 1998-இல் குஞ்ச் பிஹாரி மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதே, அந்த நோட்டீஸ் எங்கே என்று அவர் கேட்டபோது, கோப்பில் காட்டுவதற்கு எதுவும் இல்லை.

ஆணை ரத்தானது. உடனே வேலை கிடைக்கவில்லையே என்று நண்பர்கள் சோர்ந்தார்கள். தவறு நேர்ந்த கட்டத்திலிருந்து நடவடிக்கையைத் தொடர வங்கிக்கு அனுமதி தருவதே இத்தகைய வழக்குகளில் வழக்கம். அதன்படி முறையான நோட்டீஸ் வந்தது. ஒவ்வொரு கடனுக்கும் பின்னேற்பு (கடன் வழங்கிய பிறகு பெறும் மேலிட ஒப்புதல்) கோரி வட்டார அலுவலகத்துக்கு மேலாளர் எழுதிய கடிதங்களைத் தேதியோடு சுட்டிப் பதில் அளித்தோம். விசாரணையின்போதே அவற்றை எங்கள் தரப்பு ஆவணங்களாகக் குறியிடச் செய்திருந்ததால்தான் அது முடிந்தது. பணிநீக்கத்துக்குப் பதிலாக ஊதியக் குறைப்புத் தண்டனை வந்தது. அதுவும் அதிகம் என்பதே என் கருத்து. ஆனாலும், பணிநீக்கம் நின்றிருந்தால் 1995-ஆம் ஆண்டு வங்கி ஊழியர் ஓய்வூதிய ஒழுங்குமுறைகளின் 22-ஆவது விதிப்படி அவருடைய முந்தைய பணிக்காலம் முழுவதும் பறிபோயிருக்கும். இப்போது அவர் ஓய்வூதியம் பெறுகிறார்.