மரத்தரை வீடு, வாடகைக்கு எடுக்கலாமா?

பெங்களூர் மக்களே, இந்திரா நகர்ல ஒரு 2 பெட்ரூம் ஃபிளாட் பார்த்தோம். ஹால், படுக்கையறை எல்லாம் மரத்தரை. அழகுதான். ஆனா எங்க வீட்ல தினமும் பக்கெட் தண்ணி வச்சு மாப் போடுற பழக்கம். ஊர்லேருந்து அம்மா வந்து வெள்ளிக்கிழமை வீடு கழுவ ஆரம்பிச்சா தரை கதி என்ன?

ஓனர் "ஒரிஜினல் தேக்கு"ங்கறார். எனக்கென்னவோ லேமினேட்னு தோணுது: பால்கனி கதவோரம் ஜாயின்ட் உப்பியிருக்கு, ஒரே ரேகை பல பலகைல அச்சு அசலா திரும்ப வருது. நிஜ மரத்துல கீறல் விழுந்தா இழைச்சு பாலிஷ் போடலாம். லேமினேட்ல மேல இருக்கிறது பிரிண்ட் பண்ண தாள், இழைக்க வழியில்ல, பலகையையே மாத்தணும். அந்தச் செலவு யார் தலைல?

அட்வான்ஸ் 10 மாச வாடகையாம். காலி பண்ணும்போது பெயின்டிங்குக்குப் பிடிக்கிறது இங்க வழக்கம்தான், தரைக்கும் சேர்த்துப் பிடிச்சா? 11 மாச அக்ரிமென்ட்ல "சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடித்தம் இல்லை"ன்னு யாராவது எழுத வச்சிருக்கீங்களா? அந்த வாசகத்தை அப்படியே போட்டா புண்ணியமா போகும். மழைக்காலத்துல இந்தத் தரை எப்படித் தாங்குதுன்னும் சொல்லுங்க. டோக்கன் இன்னும் குடுக்கலை.