போர்ட் சூடான்ல வெளிய சாப்பிட எங்க போலாம்? மீன், காபி, சைவம் எல்லாமே சொல்லுங்க

திருச்சிப்பொண்ணு:

வணக்கம் எல்லாருக்கும். நான் போர்ட் சூடான் வந்து பதினோரு நாள் ஆகுது, ஒரு நிவாரண அமைப்புல கணக்கு பாக்கற வேலை, ஆறு மாச காண்ட்ராக்ட். தங்கியிருக்கற இடத்துல தினமும் அதே அவிச்ச முட்டை, ரொட்டி, டின் மீன், ராத்திரி ஆனா மக்ரோனி. மாடில நின்னா செங்கடல் தெரியுது, இவ்ளோ பக்கத்துல கடல வச்சுகிட்டு டப்பால அடைச்ச மீன திங்கறது மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு. பெரிய ஹோட்டல் எல்லாம் எனக்கு வேணாம், அதுல ஆசையும் இல்ல. ஊர்க்காரங்க சாயந்தரம் எங்க போய் உக்காந்து சாப்பிடறாங்களோ அங்க போகணும். என்கூட வேலை பாக்கற பாலக்காட்டு பொண்ணு சுத்த சைவம், அவளுக்கும் ஏதாவது கிடைக்குமா, நாங்க ரெண்டு பொண்ணுங்க மட்டும் தனியா போய் உக்காந்தா தப்பா பாப்பாங்களா, காசு எப்படி குடுக்கறது (எங்க கார்டு எங்கயும் எடுக்க மாட்டேங்குது), தண்ணி குடிக்கலாமா, இதெல்லாம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. ராத்திரி ஒன்பது மணிக்குள்ள திரும்பணும்னு ஆபீஸ்ல ரூல் இருக்கு, அதையும் மனசுல வச்சுகிட்டு சொல்லுங்க ப்ளீஸ்.

முத்துநகர் மாலுமி:

தங்கச்சி, முதல்ல ஸகாலாவுக்கு போங்க, மத்ததெல்லாம் அப்புறம். டாக்ஸிக்காரர்கிட்ட ஸகாலா, ஸமக்னு ரெண்டு வார்த்தை சொன்னா போதும், ஸமக்னா மீன். மீன் மார்க்கெட்டும் பொரிச்சு குடுக்கற கடைகளும் பக்கத்து பக்கத்துல இருக்கும். கோதுமை ஏத்திட்டு மூணு தடவ அந்த துறைமுகத்துக்கு வந்திருக்கேன், ஷோர் பாஸ் கிடைச்ச ஒவ்வொரு நாளும் எங்க ஆளுங்க நேரா அங்கதான் போவோம்.

நாஜில்னு கேளுங்க. செக்கச்செவேல்னு இருக்கும், உடம்பு பூரா நீலப்புள்ளி, நம்ம களவா குடும்பம்தான், பவளப்பாறைல கிடக்கற மீன். அந்த ஊர்ல மீன்னாலே அதுக்குத்தான் மவுசு, விலையும் அதுக்கேத்த மாதிரி ஜாஸ்தி. கை கம்மியா இருந்தா ஷஊர் கேளுங்க, நம்ம விளமீன் ஜாதி, அதுவும் நல்லாத்தான் இருக்கும். ஹரீத்னு ஒண்ணு பச்சையும் நீலமுமா கெடக்கும், நம்ம கிளிமீன், சதை கொஞ்சம் மெத்துமெத்துன்னு இருக்கும், எனக்கு அவ்வளவா புடிக்கல. செவுள தூக்கி பாருங்க, ரத்தச்சிவப்பா இருக்கணும், கண்ணு உள்ள வாங்கியிருக்க கூடாது, இதெல்லாம் ஊர்ல நம்ம வீட்ல பாக்கற மாதிரியேதான், பொம்பள புள்ள மீன புரட்டிப் பாத்து வாங்கறத பாத்தா கடைக்காரருக்கே ஒரு மரியாதை வரும். எடை போட்டதும் அவங்களே கழுவி, கனமா துண்டு போட்டு, உப்பு போட்டு, மாவுல லேசா புரட்டி, பெரிய சட்டி எண்ணெய்ல தள்ளிருவாங்க. நம்மூரு மாதிரி மசாலா தடவி ஊற வைக்கறதெல்லாம் கிடையாது. மீன் அன்னைக்கு புடிச்சதா இருந்தா அது தேவையே இல்லன்னு அங்கதான் எனக்கு புரிஞ்சுது. தட்டு நெறைய மீனு, சூடா ரொட்டி, வெங்காயம், தக்காளி, எலுமிச்சை, ஷத்தான்னு ஒரு மிளகாய் சட்னி. அந்த எலுமிச்சைய தாராளமா புழிஞ்சு அந்த மொறுமொறு தோலோட ஷத்தாவ தொட்டு திங்கணும், எழுதறப்பவே நாக்கு ஊறுது.

காத்து பலமா அடிக்கற நாள்ல படகு போகாது, அன்னைக்கு போகாதீங்க, பழைய ஐஸ் மீனா இருக்கும். கூட ஆபீஸ் டிரைவர கூட்டிட்டு போங்க, அவரையும் உக்கார வச்சு சாப்பிட சொல்லுங்க, அங்க யாரையும் நிக்க வச்சுட்டு நாம மட்டும் திங்கற பழக்கம் கிடையாது.

நைல்கரை:

திருச்சி தங்கமே, நான் 2023 வரைக்கும் எட்டு வருஷம் ஓம்துர்மான்ல இருந்தவ, என் வீட்டுக்காரருக்கு அங்க வேலை. ஏப்ரல் 15 சண்டை ஆரம்பிச்சப்புறம் பஸ்ல 800 கிலோமீட்டருக்கு மேல வந்து உங்க ஊர்லதான் கப்பல் ஏறினோம், இந்தியா நம்ம ஆளுங்கள மீட்டு கொண்டு வந்த ஆபரேஷன் காவேரில. அந்த ரெண்டு நாள்ல போர்ட் சூடான் ஆளுங்க எங்களுக்கு குடுத்த ரொட்டியும் ஃபூலும் நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். அதனால உங்க கேள்விய பாத்ததும் பதில் எழுதாம இருக்க முடியல.

பாலக்காட்டு பொண்ண பத்தி கவலையே படாதீங்க. சூடான்ல ஃபூல் இருக்கற வரைக்கும் சைவக்காரங்க பட்டினி கிடக்க மாட்டாங்க. பெரிய மொச்சை மாதிரி ஒரு பயறு, ராத்திரி பூரா கழுத்து நீண்ட அண்டால வெந்துகிட்டே இருக்கும், காலைல கிண்ணத்துல ஊத்தி, காலி கோலா பாட்டிலோட அடிப்பக்கத்த வச்சு நசுக்குவாங்க, அந்த டக் டக் சத்தம்தான் எனக்கு ஓம்துர்மான் காலை. அது மேல என்ன ஊத்துவாங்க தெரியுமா, நல்லெண்ணெய்! நம்ம வீட்ல இட்லி பொடிக்கு ஊத்தற அதே வாசனை, உலகத்துல எள்ளு அதிகமா விளையற நாடுகள்ல சூடானும் ஒண்ணு. வெங்காயம், தக்காளி, உப்புச்சீஸ், சீரகம், ஜிர்ஜிர்னு கசப்பு கீரை. கூட கொண்டக்கடலைல செஞ்ச தஅமியா கேளுங்க, நம்ம மசால் வடைக்கு அக்கா முறை. அதஸ்னா பருப்பு. கத்திரிக்காய் வதக்கி வேர்க்கடலை அரைச்சு போட்ட ஸலாத்தா அஸ்வத் கேளுங்க. குழம்பு வகை எதுவா இருந்தாலும் பிதூன் லஹமான்னு சொல்லணும், கறி இல்லாமன்னு அர்த்தம், ஆனா பாக்க கறி இல்லன்னாலும் கறி வேக வச்ச தண்ணி இருக்கலாம், அதனால மொலூக்கியா, வெய்க்கா மாதிரி குழம்ப அவ வெளில சாப்பிட வேணாம். கிஸ்ரா மட்டும் எங்க பாத்தாலும் வாங்கி சாப்பிடுங்க, சோளமாவ புளிக்க வச்சு பேப்பர் மாதிரி மெலிசா சுட்டது, நம்ம தோசையோட ஒண்ணுவிட்ட சொந்தம்னே சொல்லுவேன்.

இன்னொண்ணு, அங்க காலைல எட்டு மணிக்கு டிபன் தேடாதீங்க. விடிஞ்சதும் டீ மட்டும்தான், ஃபத்தூர்ங்கற காலைச்சாப்பாடு பத்து பதினொரு மணிக்கு, மதியச்சாப்பாடு மூணு நாலு மணி. பத்து மணிக்கு ஆபீஸ்ல உள்ளூர் ஆளுங்க ஒரே தட்ட சுத்தி நின்னு சாப்பிடுவாங்க, இத்ஃபத்தலின்னு கூப்பிடுவாங்க, வாங்க சாப்பிடலாம்னு அர்த்தம். சும்மா ஒப்புக்கு கூப்பிடறதில்ல அது. கைய கழுவிட்டு போய் உக்காருங்க, வலது கை, உங்க பக்கத்துல இருந்து எடுங்க.

பொண்ணுங்க தனியா போறத பத்தி: டீ விக்கறதே பொண்ணுங்கதான், ஸித்த ஷாய்னு சொல்லுவாங்க. மரத்தடில கரி அடுப்பு, வரிசையா டப்பால கிராம்பு, பட்டை, இஞ்சி, புதினா, சுத்தி கயிறு பின்னின குட்டி முக்காலி. பொண்ணுங்க உக்காந்தா அவங்களே பக்கத்துல இடம் போட்டு குடுப்பாங்க. முழுக்கை, தளர்வான ட்ரெஸ், தோள்ல ஒரு ஷால், அவ்ளோதான். கார்னிஷ்ங்கற கடற்கரை ரோட்ல சாயந்தரம் குடும்பம் குடும்பமா உக்காந்திருப்பாங்க, அங்க போங்க. சக்கரை அள்ளி கொட்டுவாங்க, ஸுக்கர் ஷுவய்யான்னு முன்னாடியே சொல்லிடுங்க. மக்ரிப் தொழுகைக்கு அப்புறம் பால் டீயும், ஸலாபியான்னு எண்ணெய்ல பொரிச்ச சூடான மாவு உருண்டையும்.

காசு விஷயம், அங்க எல்லாமே போன்ல காசு அனுப்பற பன்காக் ஆப்தான், டீக்கடை வரைக்கும். உள்ளூர் பேங்க் கணக்கு இல்லாம அது வராது, ஆபீஸ்ல யாராவது கட்டட்டும், நீங்க அவங்ககிட்ட நோட்டா குடுத்துடுங்க. ஒரு வேண்டுகோள். டீ விக்கற பொண்ணுங்க நெறைய பேர் கார்ட்டூம், ஓம்துர்மான்ல இருந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்களா இருப்பாங்க. இந்தி மின் வேன்னு கேளுங்க, நீங்க எந்த ஊர்னு. பேச ஆளில்லாம இருப்பாங்க.

வல்வெட்டிப் பெடியன்:

நான் 2024 இல ஒரு வருசம் கிட்ட அங்க வேலை செய்தனான். அக்கா சொன்ன தேத்தண்ணி உண்மை, ஆனா போர்ட் சூடானில முதல் மரியாதை கோப்பிக்குத்தான். அது பெஜா சனத்தின்ர இடம், ஜபனா எண்ட அந்தக் கோப்பி இல்லாம அவையளுக்கு நாள் விடியாது. பச்சைக் கொட்டைய உங்கட கண்ணுக்கு முன்னால கரியில வறுத்து, புகை வரேக்க அந்தச் சட்டிய உங்கட மூக்குக்குக் கிட்ட நீட்டுவினம், பிறகு சுக்கோட சேத்து உரலில இடிச்சு, உருண்டை வயிறும் ஒல்லிக் கழுத்தும் உள்ள மண்குடத்தில கொதிக்க வைச்சு, வாயில தும்பு அடைச்சு, கைபிடி இல்லாத சின்னக் கோப்பையில ஊத்துவினம். முதல் கோப்பை குடிச்ச உடன எனக்கு அம்மம்மான்ர சுக்குக்கோப்பி ஞாபகம் வந்து கொஞ்ச நேரம் கதைக்கேல்லாமப் போச்சுது. ஒரு கோப்பையோட எழும்பாதேங்கோ, அந்தக் குடம் முடியுமட்டும் இருந்து கதைக்கிறதுதான் முறை.

இறைச்சி தின்னுற எண்டா தேம் அரப் பக்கம் ஸலாத் தேடிப் போங்கோ. கரிக்கு மேல கூழாங்கல்லு நிரப்பி, கல்லு நல்லாக் காஞ்ச பிறகு ஆட்டிறைச்சியக் கீலம் கீலமா அதுக்கு மேல போடுவினம். கொழுப்பு உருகிக் கல்லுக்கு இடையால இறங்கிப் போகும், இறைச்சி நெருப்பில படாது, கல்லின்ர சூட்டிலயே வேகும். உப்பு, தேசிக்காய், பாண். வேற ஒண்டும் தேவையில்லை.

மறக்காம முக்பாஸா. சுடச்சுட ரொட்டியப் பிச்சு, வாழைப்பழம், நெய், தேன் எல்லாம் சேத்துப் பிசைஞ்சு தருவினம், யேமன் பக்கத்துச் சாப்பாடு எண்டு சொல்லுவினம். ரெண்டு பேர் சேந்து ஒண்டு எடுங்கோ, வயிறு நிரம்பும். பாலக்காட்டுப் பிள்ளைக்கும் சரிவரும்.

தண்ணியில மட்டும் கவனம். நகரத்துக்குத் தண்ணி குடுத்த அர்பாத் அணை 2024 ஆகஸ்டில உடைஞ்சது, அதுக்குப் பிறகு தாங்கித் தண்ணி எங்கயிருந்து வருது எண்டு ஆருக்கும் தெரியாது. நான் ஒரு கடையில ஐஸ் போட்ட கொய்யாப்பழ ஜூஸ் குடிச்சு ஒரு கிழமை படுக்கையில கிடந்தனான். போத்தல் தண்ணி, கொதிக்கிற தேத்தண்ணி, கொதிக்கிற கோப்பி. ஐஸ் வேண்டாம், ஜூன் மாச வெயிலிலயும் வேண்டாம், ஆசை வரும், வேண்டாம்.

முத்துநகர் மாலுமி:

தம்பி சொன்ன ஐஸ் மேட்டர் நூத்துக்கு நூறு சரி. மீனோட வர்ற பச்சை வெங்காயம் தக்காளியையும் அப்ப ஒதுக்கிருங்க தங்கச்சி, எலுமிச்சை மட்டும் போதும், எங்க நாள்ல இந்த தண்ணி பிரச்சனை இவ்ளோ இல்ல.

திருச்சிப்பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. மூணு வாரம் கழிச்சு எழுதறேன். ஸகாலாவுக்கு இதுவரைக்கும் நாலு தடவ போயாச்சு அண்ணா, டிரைவர் ஐயாதான் நாஜில் பொறுக்கி குடுத்தாரு, முதல் தடவ நானே செவுள தூக்கி பாத்தேன், கடைக்காரர் சிரிச்சுகிட்டே அவர் மகன கூப்பிட்டு காமிச்சாரு. பாலக்காட்டுக்காரிக்கு ஃபூல்னா உயிராயிடுச்சு, ரூம்ல நல்லெண்ணெய் பாட்டிலே வாங்கி வச்சுட்டா. முக்பாஸா சாப்பிட்டு ரெண்டு பேரும் பழனி பஞ்சாமிர்தம்னு ஒரே நேரத்துல சொன்னோம். ஜபனா சுக்கு வாசனை பத்தி நீங்க எழுதினது அப்படியே உண்மை அண்ணா. ஸலாத் நாளைக்கு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிஞ்சப்புறம் ஆபீஸ் ஆளுங்களோட.

நைல்கரை அக்கா, உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். எங்க தெருமுனைல டீ போடற அம்மாகிட்ட நீங்க சொன்ன மாதிரி இந்தி மின் வேன்னு கேட்டேன். ஓம்துர்மான்னு சொன்னாங்க, பானத்ங்கற ஏரியாவாம். சண்டைக்கு முன்னாடி ஸ்கூல் டீச்சரா இருந்திருக்காங்க. எனக்கு தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க எட்டு வருஷம் அங்க இருந்தாங்கன்னு சொன்னதும் கெட்டில அப்படியே கீழ வச்சுட்டு எங்க, எந்த தெருன்னு கேட்டாங்க. எனக்கு சொல்ல தெரியல.

நைல்கரை:

பானத்தா! நாங்க அதுக்கு பக்கத்துலதான்டா இருந்தோம், வாரா வாரம் அந்த பக்கம் காய்கறி வாங்க போவேன். ஹிந்தியா, அதாவது இந்தியாக்காரி, உயரமா, ரெண்டு பசங்கள கைல புடிச்சுகிட்டு நடந்து வருவாளே, அவதான்னு சொல்லு. ஞாபகம் இருக்கோ இல்லையோ, சொல்லு. அவங்க சாயந்தரம் எத்தனை மணிக்கு கடை போடறாங்க? நீ அங்க இருக்கறப்ப வீடியோ கால் போடு, இங்க மூணரை மணி நேரம் கழிச்சா இருந்தாலும் பரவால்ல, நான் முழிச்சிருக்கேன்.